இயற்கணிதத்திற்கு முன்: அடித்தளக் கணக்கை முறையாகக் கற்பதற்கான முழுமையான வழிகாட்டி

எண்களோடு மட்டுமே பழகிய மாணவர் எழுத்துகளைக் கொண்டு கணக்குப் போடத் தொடங்கும் முன் அவரை அதற்கு ஆயத்தப்படுத்தும் பாடத்தைச் சில நாடுகளின் பள்ளிகள் ‘ப்ரீ அல்ஜீப்ரா’ என்ற பெயரில் தனிப் பாடமாகவே நடத்துகின்றன. வேறு பல நாடுகளில் அதே பொருள் நடுநிலை வகுப்புகளின் கணக்குப் பாடத்தில் பரவிக் கிடக்கிறது. எந்த வடிவில் அமைந்தாலும் முழுக்கள், பின்னங்கள், விகிதங்கள், அடுக்குகள், எளிய சமன்பாடுகள், வரைபடத்தின் தொடக்கம் ஆகியவையே அதன் உள்ளடக்கம். அந்தப் பாடத்தைத் தாமாகப் படிக்க விரும்பும் மாணவரையும், அருகிலிருந்து சொல்லித்தரும் பெற்றோரையும், உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பிறகும் கணக்கில் தடுமாறுகிறவரையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

இயற்கணிதத்தில் மாணவர்கள் செய்யும் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தால், அவற்றுள் பெரும்பாலானவை எண்கணிதப் பிழைகளே என்பது தெரியவரும். குறை எண்ணைக் கழிப்பதில் இருந்த குழப்பமும், பின்னத்தைச் சுருக்குவதில் இருந்த அரைகுறை அறிவும், சமக்குறியைத் தவறாகப் படித்த பழக்கமும் எழுத்துகளின் மறைவில் மீண்டும் வந்து நிற்கின்றன. எழுத்து வந்தவுடன் கணக்குக் கடினமாகிவிட்டது என்று மாணவர் நினைக்கிறார். உண்மையில் முன்பே விரிசல் கண்டிருந்த சுவரின் மீது இப்போதுதான் பாரம் ஏறியிருக்கிறது. ஆகவே இங்கே ஒவ்வொரு விதியும் ‘ஏன்’ என்ற கேள்வியோடு சேர்ந்தே வரும்.

குறியீட்டைப் பற்றி ஒரு சொல். தெரியாத எண்ணைப் பாடநூல்கள் எக்ஸ் என்ற எழுத்தால் குறிக்கின்றன. தெரியாத அளவுகளுக்கு அகரவரிசையின் கடைசி எழுத்துகளைப் பயன்படுத்தும் வழக்கம், பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் 1637இல் வெளியிட்ட வடிவியல் நூலின் வழியே நிலைபெற்றது. எழுத்து எதுவாக இருந்தாலும் கணக்கு மாறாது என்பதை மாணவர் உணர வேண்டும் என்பதற்காக, இங்கே ‘ப’, ‘ம’ என்ற தமிழ் எழுத்துகளையே வைத்திருக்கிறேன். க, உ, அ ஆகியவை பழைய தமிழ் எண்களான ஒன்று, இரண்டு, எட்டு ஆகியவற்றின் வடிவத்தை ஒத்திருப்பதால் அவற்றைத் தவிர்த்துவிட்டேன்.

படி 1: எங்கே நிற்கிறோம் என்று அறிதல்

கால்குலேட்டரை ஒதுக்கி வைத்துவிட்டு, பின்வரும் எட்டுக் கணக்குகளையும் வழிமுறையோடு தாளில் எழுதிப் பாருங்கள்.

1) 7 + 6 = □ + 4 எனில் கட்டத்திற்குள் வரும் எண் எது?
2) 20 − 6 + 4
3) −8 − (−3)
4) (−4) × (−7)
5) 5/6 − 3/8
6) 3/4 ÷ 2/5
7) ஓர் அளவு 20 சதவீதம் கூடி, பிறகு 20 சதவீதம் குறைந்தால் இறுதியில் எவ்வளவு மாறியிருக்கும்?
8) −3², (−3)² ஆகிய இரண்டின் மதிப்புகள் யாவை?

விடைகள் முறையே 9, 18, −5, 28, 11/24, 15/8, 4 சதவீதக் குறைவு, −9 மற்றும் 9. எத்தனை சரி என்று மதிப்பெண் போட்டு முடித்துவிடாமல், தவறிய விடை எந்த வடிவில் தவறியது என்று பார்க்க வேண்டும். முதல் கணக்கிற்கு 13 என்று எழுதியவர் சமக்குறியை ‘விடை இதோ’ என்று படிக்கிறார். இரண்டாவதற்கு 10 என்று எழுதியவர் கூட்டலைக் கழித்தலுக்கு முன் செய்திருக்கிறார். மூன்றாவதற்கு −11 வந்திருந்தால் இரண்டு குறிகளில் ஒன்று கவனிக்கப்படாமல் போயிருக்கிறது. இவ்வாறு ஒவ்வொரு தவறும் எந்தப் படியில் அதிக நாள் தங்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். விடை சரியாக இருந்தும் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்றால் அதையும் தவறிய கணக்காகவே கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு 40 நிமிடங்கள், வாரத்தில் ஐந்து நாள்கள் என்று உட்கார முடிந்தால், முழுப் பாடத்தையும் ஏறத்தாழ 20 வாரங்களில் நிதானமாக முடிக்கலாம். அதில் மூன்று வாரங்களைக் குறை எண்களுக்கும், நான்கு வாரங்களைக் காரணிகளுக்கும் பின்னங்களுக்கும், ஐந்து வாரங்களைச் சமன்பாடுகளுக்கும் சொற்கணக்குகளுக்கும் ஒதுக்குவது என் பரிந்துரை. மற்றவற்றை மீதமுள்ள வாரங்களில் பகிர்ந்துகொள்ளலாம். அன்றாடப் பயிற்சியில் மூன்றில் ஒரு பங்கு பழைய பாடங்களிலிருந்து வர வேண்டும். தனியாக ஒரு பிழைக் குறிப்பேடு வைத்து, தவறிய கணக்கையும், தவறு நடந்த வரியையும், அது ஏன் தவறு என்பதை ஒரே வாக்கியத்திலும் எழுதி வாருங்கள். சரியான விடையை மட்டும் பார்த்து எழுதிக்கொள்வதால் பெரிய பயன் இல்லை.

படி 2: சமக்குறியை மறுபடி கற்றல்

தொடக்க வகுப்புகளில் சமக்குறி எப்போதும் கணக்கின் முடிவில்தான் வருகிறது. 7 + 6 என்று எழுதி, சமக்குறி போட்டால், அடுத்து விடை. இப்படிப் பல ஆண்டுகள் பழகிய கண், அந்தக் குறியைக் கால்குலேட்டரின் பொத்தானைப் போலவே பார்க்கிறது. இரண்டு இணைகோடுகளாலான இந்தக் குறியை 1557இல் வெளியான தம் நூலில் முதன்முதலாக அச்சேற்றிய ராபர்ட் ரெக்கார்ட், ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைக் காட்டிலும் சமமான இரு பொருள்கள் வேறில்லை என்று அதற்குக் காரணம் காட்டினார். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மதிப்புடையவை என்பது மட்டுமே அதன் பொருள். எந்தப் பக்கம் கணக்கு, எந்தப் பக்கம் விடை என்ற வேறுபாடு அதற்குக் கிடையாது.

இந்தப் பொருள் மனத்தில் பதிய, 15 = 9 + 6 என்று விடையை முதலில் வைத்தும், 8 + 5 = 10 + 3 என்று இருபுறமும் கணக்கை வைத்தும் எழுதிப் பழக வேண்டும். அத்துடன், கூட்டிப் பார்க்காமலேயே உண்மையா பொய்யா என்று சொல்லும் கணக்குகளும் வேண்டும். 48 + 37 = 50 + 35 என்பதில் 48 இரண்டு கூடியிருக்கிறது, 37 இரண்டு குறைந்திருக்கிறது, ஆகவே சமம் என்று சொல்லத் தெரிந்த சிறுவர் இயற்கணிதச் சிந்தனையைத் தொடங்கிவிட்டார்.

கைவிட வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. 5ஐயும் 3ஐயும் கூட்டி, அதை இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கழிக்க வேண்டிய கணக்கைப் பலர் 5 + 3 = 8 × 2 = 16 − 1 = 15 என்று ஒரே மூச்சில் எழுதுகிறார்கள். இறுதி எண் சரியாக இருந்தாலும் 5 + 3 என்பது 8 × 2க்குச் சமமாகாது. இந்த வரி பொய் சொல்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் தனி வரியில் எழுதும் ஒழுங்கு இங்கேயே தொடங்கட்டும்.

படி 3: செயல்களின் வரிசையும் எண்களின் பண்புகளும்

முதலில் அடைப்புக்குறிக்குள் இருப்பது, அடுத்து அடுக்குகள், பிறகு பெருக்கலும் வகுத்தலும், இறுதியில் கூட்டலும் கழித்தலும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட மரபு. இதில் பலர் தவறவிடுவது ஒரு நுட்பம்: பெருக்கலும் வகுத்தலும் சம தகுதி உடையவை, அவற்றை இடமிருந்து வலமாகச் செய்ய வேண்டும்; கூட்டலும் கழித்தலும் அவ்வாறே. 24 ÷ 4 × 2 என்பதன் விடை 12. பெருக்கலை முதலில் செய்து 3 என்று எழுதினால் தவறு. எட்டாவது கணக்கில் −3² என்பது 3ஐ வர்க்கப்படுத்திய பிறகு குறியை இடுவதால் −9 ஆகிறது. அடைப்புக்குறி குறியையும் உள்ளே அணைத்துக்கொள்ளும்போது 9 ஆகிறது.

இந்த வரிசை மனிதர்கள் வகுத்த உடன்பாடு. பண்புகள் அப்படிப்பட்டவை அல்ல. அவை எண்களுக்கு இயல்பாக உள்ளவை. இடம் மாற்றிக் கூட்டினாலும் பெருக்கினாலும் விடை மாறாது என்ற பரிமாற்றுப் பண்பையும், எந்த இரண்டை முதலில் சேர்த்தாலும் ஒன்றே என்ற சேர்ப்புப் பண்பையும் மாணவர் எளிதில் ஏற்றுக்கொள்கிறார். கழித்தலுக்கும் வகுத்தலுக்கும் அவை பொருந்தா என்பதை மட்டும் நினைவூட்டினால் போதும். பங்கீட்டுப் பண்பில்தான் நேரம் செலவிட வேண்டும். 7 × 98 என்ற பெருக்கலை மனத்தில் செய்கிறவர் 7 × 100 − 7 × 2 என்று பிரித்து 686 என்கிறார். அதையே 7(100 − 2) = 700 − 14 என்று எழுதிக் காட்டுங்கள். 7 அகலமும் 100 − 2 நீளமும் கொண்ட செவ்வகம் ஒன்றை வரைந்து, பரப்பு எவ்வாறு பிரிகிறது என்பதையும் காட்டுங்கள். பின்னால் வரவிருக்கும் அடைப்பு நீக்கமும், காரணிப்படுத்தலும், ஒத்த உறுப்புகளைச் சேர்ப்பதும் இந்த ஒரு பண்பின் மறுவடிவங்களே.

படி 4: குறை எண்கள்

இந்தப் படியில் அவசரப்பட்டவர்கள் பின்னால் திரும்பி வர நேர்கிறது. எண்கோட்டை வரைந்து பூச்சியத்தை நடுவில் வையுங்கள். வலப்பக்கம் மிகை எண்கள், இடப்பக்கம் குறை எண்கள். வலப்புறம் செல்லச் செல்ல எண் பெரிதாகிறது. ஆகவே −2 என்பது −9ஐ விடப் பெரியது. பூச்சியத்திலிருந்து உள்ள தொலைவு, அதாவது தனிமதிப்பு, −9க்குத்தான் அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ‘பெரியது’ என்ற சொல்லை இரண்டு பொருளில் கேட்கும் மாணவர் இங்கேதான் குழம்புகிறார்.

மைனஸ் குறி மூன்று வேலைகளைச் செய்கிறது. 9 − 4 என்பதில் அது கழித்தல் என்ற செயல். −4 என்பதில் எண்ணின் குறி. −ப என்பதில் ‘எதிரானது’ என்ற பொருள். மூன்றாவது பொருளைத் தெளிவாக்கிக்கொள்ளாதவர், −ப எப்போதும் குறை எண்ணாகவே இருக்கும் என்று நம்பிவிடுகிறார். ப = −5 எனில் −ப என்பது 5.

கூட்டலுக்கு எண்கோட்டில் நடந்து பார்ப்பதே போதும். கழித்தலுக்கு, ஓர் எண்ணைக் கழிப்பதும் அதன் எதிர் எண்ணைக் கூட்டுவதும் ஒன்றே என்ற ஒரே விதி. கடன் என்ற உவமை இங்கே உதவும்: 8 அளவு கடன் உள்ளவரிடமிருந்து 3 அளவு கடனை நீக்கிவிட்டால் 5 அளவு கடனே மிஞ்சும்; ஆகவே −8 − (−3) = −8 + 3 = −5. இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் மிகை எண்களைத் தனம் என்றும் குறை எண்களை ருணம், அதாவது கடன், என்றும் குறித்து, அவற்றோடு பூச்சியத்தையும் சேர்த்துக் கூட்டல், கழித்தல், பெருக்கல் விதிகளைத் தொகுத்திருக்கிறார்.

‘மைனஸும் மைனஸும் சேர்ந்தால் ப்ளஸ்’ என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொடுப்பதால் விளையும் கேடு பெரிது. மாணவர் அந்த வாசகத்தைக் கூட்டலிலும் கொண்டு போய் −6 − 2 = 8 என்று எழுதிவிடுகிறார். அது பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரிய விதி; அதன் காரணத்தை இரண்டு வழிகளில் காட்டலாம். முதலாவது, ஒழுங்கைப் பின்தொடர்வது: (−3) × 2 = −6, (−3) × 1 = −3, (−3) × 0 = 0 என்று ஒவ்வொரு படியிலும் விடை 3 கூடிக்கொண்டே வருகிறது; அந்த ஒழுங்கு முறியாமல் தொடர்ந்தால் (−3) × (−1) = 3. இரண்டாவது வழி வலுவானது. 5 + (−5) என்பது பூச்சியம்; எதைப் பூச்சியத்தால் பெருக்கினாலும் பூச்சியம்; ஆகவே (−3) × [5 + (−5)] = 0. பங்கீட்டுப் பண்பின்படி இதை விரித்தால் −15 + (−3) × (−5) = 0. −15உடன் எதைக் கூட்டினால் பூச்சியம் வரும்? 15 மட்டுமே. பங்கீட்டுப் பண்பு குறை எண்களுக்கும் பொருந்த வேண்டும் என்று விரும்பினால் வேறு விடைக்கு இடமே இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது எட்டாது என்று எண்ணிவிடாதீர்கள்; நிதானமாக எழுதிக் காட்டினால் எட்டும், அதன் பிறகு விதி மறக்காது.

படி 5: காரணிகளும் பின்னங்களும்

எண்களைப் பகா எண்களின் பெருக்கமாகப் பிரிக்கும் பழக்கத்தைப் பின்னத்திற்கு முன் உறுதிப்படுத்துங்கள். 84 = 2² × 3 × 7; 126 = 2 × 3² × 7. இரண்டிற்கும் பொதுவானவற்றைப் பெருக்கினால் மீப்பெரு பொதுக் காரணி 42; ஒவ்வொரு பகா எண்ணின் உயர்ந்த அடுக்கையும் எடுத்துப் பெருக்கினால் மீச்சிறு பொது மடங்கு 252. முன்னது பின்னத்தைச் சுருக்கவும், பின்னது பின்னங்களைக் கூட்டவும் பயன்படும். பிறகு ஒருநாள் 84ப + 126 = 42(2ப + 3) என்று எழுத வேண்டி வரும்போது இந்த உழைப்பு மீண்டும் கைகொடுக்கும்.

பின்னம் என்பது ஒரு வட்டத்தின் வெட்டுத் துண்டு என்ற படத்தோடு நின்றுவிட்டவருக்கு 7/4 என்பது விளங்குவதில்லை. பின்னமும் எண்கோட்டில் ஓர் இடம் பிடிக்கும் எண். மேலும் 3/4 என்பது 3 ÷ 4 என்ற வகுத்தலும் கூட. இந்த இரண்டு பார்வைகளும் இயற்கணிதத்திற்கு இன்றியமையாதவை.

கூட்டும்போது பகுதிகளை ஏன் ஒன்றாக்க வேண்டும்? பகுதி என்பது அலகின் பெயர், தொகுதி என்பது அந்த அலகில் எத்தனை என்ற எண்ணிக்கை. மூன்றில் ஒன்று என்ற அலகில் இரண்டும், நான்கில் ஒன்று என்ற அலகில் ஒன்றும் இருந்தால், மீட்டரையும் அடியையும் அப்படியே கூட்ட முடியாதது போல, அவற்றையும் கூட்ட முடியாது. பன்னிரண்டில் ஒன்று என்ற பொது அலகிற்கு மாற்றினால் 2/3 + 1/4 = 8/12 + 3/12 = 11/12.

வகுத்தலில் ‘தலைகீழாக்கிப் பெருக்கு’ என்ற விதியின் பின்னால் உள்ள காரணம் அழகானது. வகுபடும் எண்ணையும் வகுக்கும் எண்ணையும் ஒரே எண்ணால் பெருக்கினால் ஈவு மாறாது. 3/4 ÷ 2/5 என்பதில் இரண்டையும் 5/2ஆல் பெருக்கினால், வகுக்கும் எண் 1 ஆகிவிடுகிறது; மிஞ்சுவது 3/4 × 5/2 = 15/8. தலைகீழியைப் பெருக்கினால் 1 கிடைக்கும் என்ற இதே கருத்து, சமன்பாடுகளில் கெழுவை, அதாவது எழுத்தைப் பெருக்கி நிற்கும் எண்ணை, நீக்கும் கருவியாக மறுபடி வரும்.

சுருக்குவதில் ஓர் எச்சரிக்கை. மேலும் கீழும் ஒரே எண் இருந்தால் அடித்துவிடலாம் என்று கற்றவர் (ப + 6)/6 என்பதைப் ப என்று எழுதுகிறார். ப-வின் இடத்தில் 4ஐ வைத்துப் பாருங்கள்: (4 + 6)/6 = 10/6; அது 4 ஆகாது. அடிக்கக்கூடியது காரணியை மட்டுமே. கூட்டலில் நிற்கும் உறுப்பை அடிக்கக்கூடாது. இயற்கணிதத்தின் உயர்வகுப்புகள் வரை தொடரும் பிழை இது, ஆகவே எண்களிலேயே பலமுறை சோதித்துத் தெளிய வேண்டும்.

தசம எண்கள் பின்னங்களின் மற்றொரு எழுத்துமுறையே. 0.375 = 375/1000 = 3/8 என்று இரு திசையிலும் மாற்றத் தெரிந்தால் இந்தப் பாடத்திற்குப் போதும்.

படி 6: விகிதமும் சதவீதமும்

இரண்டு அளவுகளை ஒப்பிட இரண்டு வழிகள் உண்டு: எவ்வளவு அதிகம் என்று கழித்துப் பார்ப்பது, எத்தனை மடங்கு என்று வகுத்துப் பார்ப்பது. விகிதம் இரண்டாவது வழியைச் சேர்ந்தது. 2 : 3 என்ற விகிதத்தில் கலந்த வண்ணத்தில் முதல் நிறத்தின் அளவை 2இலிருந்து 6 ஆக்கினால் இரண்டாவது 9 ஆக வேண்டும், முதலாவதில் 4 கூடியதால் இரண்டாவதிலும் 4ஐக் கூட்டி 7 என்பவர் இன்னும் கழித்தல் வழியிலேயே இருக்கிறார். அட்டவணை போட்டு, ஓர் அலகிற்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் முறையே இதற்கு நல்ல மருந்து. ஒரு வண்டி இரண்டரை மணி நேரத்தில் 150 கிலோமீட்டர் சென்றால், மணிக்கு 60 கிலோமீட்டர். அதிலிருந்து எந்த நேரத்திற்கான தொலைவையும் சொல்லிவிடலாம்.

எல்லா உறவும் நேர்விகிதம் ஆகாது. ஒரே அளவு நீரைத் தரும் 4 குழாய்கள் தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பினால், 3 குழாய்களுக்கு 8 மணி நேரம் ஆகும். இங்கே மாறாமல் இருப்பது 24 என்ற பெருக்கற்பலன். குறுக்குப் பெருக்கல் செய்யும் முன், ஒன்று கூடினால் மற்றது கூடுமா குறையுமா என்று கேட்டுக்கொள்வது கட்டாயம்.

சதவீதத்தில் முதன்மையான கேள்வி ‘எதன் சதவீதம்’ என்பதே. 100 என்ற அளவு 20 சதவீதம் கூடி 120 ஆகிறது. பிறகு குறையும் 20 சதவீதம் 120இன் மீது கணக்கிடப்படுவதால் 24 குறைந்து 96 ஆகிறது. கூடுவதை 1.2ஆல் பெருக்குவதாகவும் குறைவதை 0.8ஆல் பெருக்குவதாகவும் எழுதப் பழகினால், 1.2 × 0.8 = 0.96 என்று ஒரே வரியில் முடியும்.

படி 7: அடுக்குகளும் வர்க்கமூலமும்

அடுக்கு விதிகளை மனப்பாடம் செய்யாமல் விரித்து எழுதிக் காணுங்கள். 2³ × 2⁴ என்பது மூன்று இரண்டுகளும் நான்கு இரண்டுகளும், ஆக ஏழு இரண்டுகளின் பெருக்கல், ஆகவே 2⁷. 2³ = 8, 2² = 4, 2¹ = 2 என்று ஒவ்வொரு முறையும் பாதியாகி இறங்கும் ஒழுங்கைத் தொடர்ந்தால் 2⁰ = 1, 2⁻¹ = 1/2 என்பவை தாமாகவே கிடைக்கும். (2 + 3)² = 25, ஆனால் 2² + 3² = 13; அதுபோலவே 9 + 16இன் வர்க்கமூலம் 5, தனித்தனி வர்க்கமூலங்களின் கூட்டுத்தொகை 7. இந்த இரண்டையும் பிழைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம்.

படி 8: எழுத்தும் கோவையும்

எழுத்து ஓர் எண்ணைக் குறிக்கிறது, ஒரு பொருளைக் குறிப்பதில்லை. ‘பந்துகளுக்குப் ப, பெட்டிகளுக்கு ம’ என்று சொல்லிக்கொடுத்தால் மாணவர் ப என்பதைப் பந்து என்றே படிப்பார். ‘பந்துகளின் எண்ணிக்கை ப’ என்று முழுமையாக எழுத வைக்க வேண்டும். இதன் பயனை உடனே சோதிக்கலாம்: பந்துகளின் எண்ணிக்கை பெட்டிகளின் எண்ணிக்கையைப் போல் ஆறு மடங்கு என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னால் பலர் 6ப = ம என்று எழுதுவார்கள். பெட்டி 2, பந்து 12 என்று எண்களை வைத்துப் பார்த்தால், சரியானது ப = 6ம என்று விளங்கும்.

3ப + 5 என்பது ஒரு கோவை. 3ப, 5 ஆகியவை அதன் உறுப்புகள். 3 என்பது கெழு, 5 என்பது மாறிலி. 3ப + 4ப = 7ப என்பது (3 + 4)ப என்ற பங்கீட்டுப் பண்பே. 3ப + 5 என்பதை 8ப என்று சேர்க்க முடியாது; ப = 2 என்று வைத்தால் முன்னது 11, பின்னது 16. 3ப + 5 என்பதே முழுமையான விடையாக இருக்கலாம் என்பதை ஏற்றுக்கொள்ள மாணவருக்குச் சில நாள்கள் தேவைப்படும். ஐயம் வரும் ஒவ்வொரு முறையும் எழுத்தின் இடத்தில் எண்ணை வைத்துச் சோதிக்கும் பழக்கம்தான் அவரைத் தம் கால்களில் நிற்க வைக்கும்.

படி 9: சமன்பாடுகளைத் தீர்த்தல்

வகுப்பறைகளில் ‘அந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும்’ என்ற வாசகம் வழக்கில் இருக்கிறது. பழகியவருக்கு அது நல்ல குறுக்குவழி. தொடங்குகிறவருக்கு அது மந்திரமாகிவிடுகிறது. 3ப = 12 என்பதில் 3ஐக் கொண்டுபோய் 12 − 3 என்று எழுதும் பிழை அந்த மந்திரத்திலிருந்தே பிறக்கிறது. ஆகவே முதல் சில வாரங்கள், இரு பக்கமும் ஒரே செயலைச் செய்கிறோம் என்று முழுமையாக எழுதுங்கள். பாக்தாத் நகரின் அறிஞர் அல்குவாரிஸ்மி 9ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலின் தலைப்பில் உள்ள ‘அல்ஜபர்’ என்ற சொல்லிலிருந்தே அல்ஜீப்ரா என்ற பெயர் வந்தது. கழிபட்டு நிற்கும் உறுப்பை மறுபக்கம் சேர்த்து ஈடுசெய்வதையே அவர் அச்சொல்லால் குறித்தார்.

5ப − 8 = 2ப + 13 என்று தொடங்குவோம். இரு பக்கமும் 2பவைக் கழித்தால் 3ப − 8 = 13. இரு பக்கமும் 8ஐக் கூட்டினால் 3ப = 21. இரு பக்கமும் 3ஆல் வகுத்தால் ப = 7. முடிவில் தொடக்கச் சமன்பாட்டிலேயே வைத்துச் சரிபார்க்க வேண்டும்: இடப்பக்கம் 35 − 8 = 27, வலப்பக்கம் 14 + 13 = 27. இந்தச் சரிபார்ப்பை விருப்பத்திற்கு விடாதீர்கள். விடைப்பட்டியல் இல்லாமலே தம் விடை சரி என்று அறியும் உரிமையை அது மாணவருக்குத் தருகிறது.

அடைப்புக்குறியின் முன் மைனஸ் நிற்கும் கணக்கே பலரை வீழ்த்துகிறது. 4 − 3(ப − 2) = 1 என்பதில் −3 இரண்டு உறுப்புகளையும் பெருக்க வேண்டும்: 4 − 3ப + 6 = 1. அதாவது 10 − 3ப = 1, 3ப = 9, ப = 3. இங்கே 6இன் குறி ஏன் மிகையானது என்று கேட்டால், மாணவர் நான்காம் படியின் (−3) × (−2)ஐச் சுட்டிக்காட்ட வேண்டும். அதைப் போலவே ப/2 + ப/3 = 10 என்பதில் மீச்சிறு பொது மடங்கான 6ஆல் இரு பக்கத்தையும் பெருக்கினால் 3ப + 2ப = 60, ப = 12.

ஒரு பக்கம் மற்றதைவிடச் சிறியது அல்லது பெரியது என்று சொல்லும் அசமன்பாடுகளில் ஒரே ஒரு புதுமை: குறை எண்ணால் பெருக்கும்போதும் வகுக்கும்போதும் அந்தச் சிறியது-பெரியது குறி திரும்பும். 2 < 5 உண்மை. இரண்டையும் −1ஆல் பெருக்கினால் எண்கோட்டில் பூச்சியத்தின் மறுபக்கத்திற்குப் போய்விடுகின்றன, அங்கே −2 > −5. ஆகவே −2ப < 6 எனில் ப > −3.

படி 10: சொற்கணக்கு

சொற்கணக்கில் தடுமாறுகிறவரின் சிக்கல் பெரும்பாலும் கணக்கில் இல்லை, வாசிப்பில் இருக்கிறது. தமிழில் இதற்கு ஒரு நல்ல பிடி உண்டு: செயல் எது, எதன் மீது என்பதை வேற்றுமை உருபுகளே சொல்லிவிடுகின்றன. ‘ஓர் எண்ணிலிருந்து 7ஐக் கழிக்க’ என்றால் ப − 7. ‘7இலிருந்து ஓர் எண்ணைக் கழிக்க’ என்றால் 7 − ப. சொற்களின் வரிசை மாறி ‘7ஐ ஓர் எண்ணிலிருந்து கழிக்க’ என்று வந்தாலும் உருபைப் பார்த்தவர் ஏமாற மாட்டார். ‘ஓர் எண்ணின் இருமடங்குடன் 3ஐக் கூட்ட’ என்பது 2ப + 3. ‘ஓர் எண்ணுடன் 3ஐக் கூட்டி வரும் தொகையின் இருமடங்கு’ என்பது 2(ப + 3). எனவே ‘அதிகம்’ என்றால் கூட்டு, ‘குறைவு’ என்றால் கழி என்று சொற்பட்டியல் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. அது வாக்கியத்தைப் படிக்காமல் தப்பிக்கும் வழியையே கற்றுத் தருகிறது.

ஒரு செவ்வகத்தின் நீளம் அதன் அகலத்தின் இருமடங்கை விட 5 மீட்டர் அதிகம், சுற்றளவு 64 மீட்டர், பக்கங்கள் யாவை? முதலில் படம். அடுத்து, ‘அகலம் ப மீட்டர் என்க’ என்ற வாக்கியம். இதை எழுதாமல் மேலே செல்லக்கூடாது. நீளம் 2ப + 5. சுற்றளவு 2(ப + 2ப + 5) = 64; இரு பக்கமும் 2ஆல் வகுத்தால் 3ப + 5 = 32; ப = 9. அகலம் 9 மீட்டர், நீளம் 23 மீட்டர். சரிபார்ப்பைச் சமன்பாட்டில் செய்யாமல் கேள்வியின் வாசகத்தில் செய்ய வேண்டும்: 9இன் இருமடங்கு 18, அதைவிட 5 அதிகம் 23; 9 + 23 = 32, அதன் இருமடங்கு 64. சமன்பாட்டையே தவறாக அமைத்திருந்தால் அதில் வைத்துப் பார்ப்பது அந்தத் தவறைக் காட்டாது.

படி 11: வரைபடத்தின் வாசலில்

கிடையாக ஓர் எண்கோடு, குத்தாக ஓர் எண்கோடு, இரண்டும் பூச்சியத்தில் வெட்டிக்கொள்ளும் இடம் ஆதிப்புள்ளி. 2ப + 1 என்ற கோவையில் ப-வுக்கு −1, 0, 1, 2 என்று மதிப்புக் கொடுத்தால் −1, 1, 3, 5 கிடைக்கின்றன. இந்த இணைகளைக் கட்டத்தாளில் புள்ளிகளாகக் குறித்தால் அவை ஒரே நேர்கோட்டில் அமைகின்றன. வலப்பக்கம் ஓர் அலகு நகர்ந்தால் மேலே இரண்டு அலகு ஏறுகிறது. கெழுவாக நின்ற 2 இப்போது கோட்டின் சாய்வாகவும், மாறிலியாக நின்ற 1 குத்து அச்சை வெட்டும் இடமாகவும் கண்ணுக்குத் தெரிகின்றன.

அதே தாளில் ப + 4 என்ற கோவையையும் வரையுங்கள். இரண்டு கோடுகளும் ப = 3 என்ற இடத்தில், 7 என்ற உயரத்தில் சந்திக்கின்றன. 2ப + 1 = ப + 4 என்ற சமன்பாட்டை ஒன்பதாம் படியின் முறையில் தீர்த்தாலும் ப = 3 என்றே வருகிறது. அடுத்து 2ப + 1, 2ப + 4 என்ற இரண்டையும் வரைந்து, அவை ஏன் எங்கேயும் சந்திக்கவில்லை என்பதை முதலில் சாய்வைக் கொண்டும், பிறகு 2ப + 1 = 2ப + 4 என்று எழுதி இரு பக்கமும் 2பவைக் கழித்தால் என்ன மிஞ்சுகிறது என்பதைக் கொண்டும் மாணவர் தம் சொந்தச் சொற்களில் விளக்க முடிந்தால், அவர் மறுநாளே இயற்கணிதப் பாடநூலின் முதல் பக்கத்தைத் திறக்கலாம்.